லேமினிட்டிஸ் வலியில் துடிக்கும் குதிரையை லாயத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் கோலாலம்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 14 வயது மட்டக்குதிரை, முன்னங்கால் இரண்டிலும் லேமினிட்டிஸ், அதாவது குளம்புக்குள் வரும் அழற்சி நோய் என்று மருத்துவர் சொல்லி இரண்டு நாளாகிறது, மருந்து கொடுத்தும் நிற்க முடியாமல் தவிக்கிறது, ஆனாலும் தின்கிறது, லாயத்தில் நாங்கள் என்ன செய்யலாம், கருணைக் கொலைதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எங்கள் குதிரை செவந்தி நின்ற நிலைதான் கண்முன் வந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அதை நடக்க வைக்காதீர்கள். யார் வந்து சொன்னாலும் சரி. "கால் மரத்துப்போயிருக்கும், நாலு சுற்று நடத்தினால் சரியாகும்" என்று சொல்ல ஆள் கட்டாயம் வருவார்கள். நான் அப்படி நடத்தியவன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்குப் பினாங்கு. அப்பா பத்து காந்தோங் பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். 1864ல் தொடங்கிய கிளப் அது. அந்த லாயங்களில் எத்தனையோ தமிழர்கள் குதிரைகளோடு குதிரையாகவே வாழ்ந்தார்கள். நான் பிறகு தீவிலேயே ஒரு தனியார் சவாரி லாயத்தில் சேர்ந்தேன். பந்தய ஓட்டத்தை விட்ட பிறகு அங்கே வந்து சேர்ந்தவள் செவந்தி. காகிதத்தில் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. செம்பட்டை நிறம் என்பதால் செவந்தி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

2016 மாட்டுப் பொங்கலன்று அவளுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, பிள்ளைகள் கையால் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் வாழைப்பழமும் கொடுத்தோம். ஆசையாகத் தின்றாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் லாயத்தைத் திறந்தால், முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பு பாரத்தை எல்லாம் பின்னங்காலில் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறாள். வயிற்று வலி என்று நினைத்தேன். வயிற்று வலி வந்த குதிரையை மெல்ல நடத்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சிமெண்டுத் தரையில் இரண்டு சுற்று நடத்தினேன். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினாள். திரும்பும் இடத்தில் முன்கால் ஊன்றவே பயந்து, பின்காலிலேயே சுழன்று திரும்பினாள்.

மருத்துவர் வருவதற்குள் அப்பா வந்துவிட்டார். குனிந்து உள்ளங்கையைக் குளம்பின் மேல் வைத்தார். "குளம்பு கொதிக்குதுடா. இவள யாரு நடக்க வச்சது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஏன் நடத்தக் கூடாது என்று விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். குளம்பின் கெட்டியான சுவருக்கும் உள்ளே இருக்கும் குளம்பெலும்புக்கும் நடுவே மெல்லிய மடிப்புகள் உண்டு. இரண்டு நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல எலும்புப் பக்கத்து மடிப்பும் சுவர்ப் பக்கத்து மடிப்பும் கோத்துக்கொண்டிருக்கும். குதிரையின் முழுப் பாரமும் அந்தப் பிடியில்தான் தொங்குகிறது. லேமினிட்டிஸில் அந்தப் பிடி தளர்ந்து இழுபடுகிறது. பின்னாலிருந்து ஒரு தசைநாண் எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி விட்டால் எலும்பின் முனை கீழே திரும்பிக் குளம்பின் அடிப்பாகத்தை நோக்கி இறங்கும். அப்போது எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் பிடியையும் கிழிக்கும்.

ஆகவே உங்கள் வேலை இப்போது ஒன்றுதான். அந்தக் காலிலிருந்து பாரத்தை இறக்க வேண்டும்.

படுக்கையிலிருந்து தொடங்குங்கள். மரச்சீவல் ஒரு முழங்கையாவது புதையும் அளவுக்கு, 30 செ.மீ. ஆழமாகப் போடுங்கள். வாசல் வரைக்கும், சுவர் ஓரம் வரைக்கும் போட வேண்டும். குதிரை தண்ணீருக்கும் தீனிக்கும் வாசல் பக்கம்தான் நிற்கும், நாமோ நடுவில் குவித்துவிட்டு வாசலில் சிமெண்டைத் தெரிய விட்டுவிடுவோம். படுக்கை மெத்தென்று இருந்தால் குளம்பின் முனை தானாகப் புதைந்துகொள்ளும். குதிரை தனக்கு எந்தக் கோணம் சுகமோ அப்படி நிற்கும். முக்கியமாக, பயமில்லாமல் படுக்கும். குதிரை படுத்தாலே ஆபத்து என்று பலர் எழுப்பிவிடுவார்கள். இந்த நோயில் படுப்பது நல்லது, படுக்கட்டும். செவந்தி முதல் இரவு படுத்தபோது விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. தண்ணீர் வாளியையும் காய்ந்த புல்லையும் அவள் வாய்க்கு எட்டும்படி தள்ளி வைத்தோம். எதிரில் வேறொரு குதிரை கண்ணில் படும்படி கதவைத் திறந்து வைத்தோம். தனியாக விட்டால் பதற்றத்தில் எழுந்து எழுந்து நிற்கும்.

படுத்தே கிடக்கும் குதிரைக்கு இடுப்பெலும்பு, முழங்கை, கண்ணுக்கு மேல் எல்லாம் தோல் உராய்ந்து புண்ணாகும். தினமும் தடவிப் பாருங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஃபேன் கட்டாயம் வேண்டும். ஈயும் அப்பாமல் இருக்கும்.

அடுத்தது ஐஸ். நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள்தான் இதற்கு நல்ல நேரம், நீங்கள் இன்னும் அந்த நாட்களுக்குள் இருக்கிறீர்கள். மருத்துவரிடம் இன்றைக்கே கேளுங்கள். பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவது போதவே போதாது. குளம்பு முழுவதும், முழங்காலுக்குக் கீழ் வரை, விடாமல் குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். குளம்புக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்து போக வேண்டும் என்பதுதான் கணக்கு. உயரமான தொட்டிக்குள் காலை எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுமைப்படுத்த வேண்டாம். எங்களுக்கு மருத்துவர் 5 லிட்டர் சலைன் காலிப் பைகளைக் கொடுத்தார். மேல்பக்கத்தை வெட்டி, காலில் மாட்டி, ஐஸும் தண்ணீரும் நிரப்பி, மேலே டேப் சுற்றினோம். மீன் பாசாரிலிருந்து உடைத்த ஐஸ் மூட்டை மூட்டையாக வந்தது. பினாங்கு வெயிலில் மணிக்கு ஒரு முறை நிரப்ப வேண்டியிருந்தது. அப்பாவும் நானும் முறை வைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்கவில்லை.

ஐஸ் எடுத்த பிறகு குளம்புக்கு அடியில் ஸ்டைரோஃபோம் வைத்தோம். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கத்தில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி தெரியும். லாடம் அடிப்பவர்கள் ஃபிராக் என்பார்கள். பாரத்தை முனையிலிருந்து எடுத்து இந்தப் பின்பகுதிக்கு மாற்றுவதுதான் நோக்கம். மீன் பெட்டியின் வெள்ளை ஸ்டைரோஃபோம் சீக்கிரம் நொறுங்கிவிடும். கட்டடத்துக்குப் போடும் அழுத்தமான பலகை, 5 செ.மீ. தடிமன், ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள். குளம்பு அளவுக்கு வெட்டி டேப்பால் கட்டுங்கள். முடி தொடங்கும் விளிம்புக்கு மேலே டேப் ஏறக் கூடாது, இறுக்கிவிடும். ஒரு நாளில் அது நசுங்கியதும் முன்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் பின்பகுதிக்கு அடியில் இன்னொரு முழுத்துண்டு வைத்துக் கட்ட வேண்டும். முதல் தடவை மருத்துவரோ லாடக்காரரோ பக்கத்தில் இருக்கட்டும். லாடத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். கழற்றுவதானால் ஆணி முனைகளை அரத்தால் ராவி, மெதுவாக எடுக்க வேண்டும். சுத்தியல் சத்தமே கேட்கக் கூடாது.

வலி மருந்து விஷயத்தில் கை நீளக் கூடாது. லாயங்களில் பியூட் என்ற வலி மருந்துப் பொடி எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கும். வலி பொறுக்கவில்லையே என்று இன்னொரு பொட்டலத்தைக் கலந்து கொடுக்கத் தோன்றும். அந்த மருந்து அதிகமானால் வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். அதே இனத்து இன்னொரு வலி மருந்தான ஃப்ளூனிக்ஸினோடு சேர்த்துக் கொடுப்பது இன்னும் மோசம். மருந்து போதவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டு அப்படியே சொல்லுங்கள். வலியை அடக்க வேறு வகை மருந்துகளும் அவரிடம் உண்டு. அப்புறம், மருந்தில் வலி குறைந்ததும் குதிரை நன்றாக நிற்பதுபோல் தெரியும். கால் இன்னும் ஆறியிருக்காது, வெளியே விடாதீர்கள்.

மருத்துவரிடம் சொல்வதற்கு ஒரு நோட்டு வையுங்கள். நாங்கள் வைத்தோம். குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டின் பின்பக்கம், ஓரமாக இரண்டு விரலை வைத்தால் நாடி கிடைக்கும். நல்ல குதிரைக்கு அது தேடினால்தான் கிடைக்கும். லேமினிட்டிஸில் விரலைத் தள்ளுகிற மாதிரி குதிக்கும். இதயத் துடிப்பையும் எண்ணுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், மட்டக்குதிரைக்குச் சற்றே கூடலாம். ஓய்வாக இருக்கும்போதே 60க்கு மேல் போனால் வலி அடங்கவில்லை என்று அர்த்தம். எத்தனை மணிக்குப் படுத்தது, தானாக எழுந்ததா, எவ்வளவு தின்றது, சாணம் போட்டதா, எல்லாம் எழுதுங்கள். முகத்தையும் பாருங்கள். காது பின்னால் சாய்ந்து, மூக்குத் துவாரம் இறுகி, கண் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தால் அது வலிதான்.

இனி தீனி. தானியம், தவிடு, வெல்லப்பாகு சேர்ந்த கலவைத் தீனி, ரொட்டி, கேரட், ஆப்பிள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேயவும் விட வேண்டாம். அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். மட்டக்குதிரைக்குப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். உடல் எடையில் 1.5 சதவீதம் காய்ந்த புல் (ஹே), எடை போட்டுக் கொடுங்கள். 300 கிலோ குதிரைக்கு நாலரை கிலோ. தண்ணீரில் ஊற வைத்துக் கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நம்ம சூட்டில் இரவு முழுக்க ஊறினால் புளித்துவிடும், ஒரு மணி நேரம் போதும்.

காரணத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும். செவந்திக்கு வந்தது பொங்கலால் என்று நான் அழுதபோது மருத்துவர் அவள் பிடரியைத் தொட்டுக் காட்டினார். கெட்டியான கொழுப்பு மேடு. பல மாதமாகவே ரத்தத்தில் இன்சுலின் ஏறிக் கிடந்திருக்கும், பொங்கல் அதைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான் என்றார். பரிசோதனையில் அப்படியே வந்தது. உங்களுடையது மட்டக்குதிரை, 14 வயது. இன்சுலினையும், வயதான குதிரைக்கு வரும் குஷிங் என்ற ஹார்மோன் நோயையும் சோதிக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் ஸ்டெராய்டு ஊசி போட்டதா, தீனி மூட்டையில் வாய் வைத்ததா, கடும் பேதி இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காரணம் அப்படியே இருந்தால் கால் ஆறினாலும் திரும்ப வரும்.

செவந்தி அப்போது பிழைத்தாள். குளம்பு மாதத்துக்கு ஒரு செ.மீ. அளவில்தான் வளரும். முனையில் முழுசாகப் புதுக்குளம்பு வர ஒரு வருடம் வரை ஆகலாம். நடுவில் இரண்டு தடவை குளம்புக்குள் சீழ் கட்டியது. ஆறி வரும் காலத்தில் இப்படி வருவது சகஜம்தான். திடீரென்று ஒற்றைக் கால் மட்டும் ஊன்ற முடியாமல் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், கதை முடிந்தது என்று பதற வேண்டாம்.

கருணைக் கொலை பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் நாளிலேயே அந்த முடிவுக்குப் போக வேண்டியதில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதைச் சொல்வதும் கஷ்டம். ஆனால் அந்த நாள் வரலாம். பார்பாரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை 2006ல் கென்டக்கி டெர்பியை வென்றது. இரண்டே வாரத்தில் பின்னங்கால் உடைந்தது. பெரிய மருத்துவமனையில் எட்டு மாதம் பார்த்தும், பாரம் தாங்கிய மற்றக் கால்களில் லேமினிட்டிஸ் வந்து 2007 ஜனவரியில் கருணைக் கொலைதான் செய்தார்கள். பணமோ பாசமோ குறைந்ததால் அல்ல.

செவந்திக்கு 2019ல் மறுபடி வந்தது. இந்தத் தடவை எலும்பு திரும்பியதோடு நிற்காமல் அப்படியே கீழே இறங்கிவிட்டது. முடி விளிம்பில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. முழு அளவு மருந்திலும் துடிப்பு குறையவில்லை. மூன்றாம் நாள் காய்ந்த புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் "போதும்யா, டாக்டரக் கூப்பிடு" என்றார். படுத்த இடத்திலேயே, அந்த மரச்சீவல் மேலேயே ஊசி போட்டார்கள். அப்பா கடைசி வரை அவள் காதோரம் தடவிக்கொண்டிருந்தார்.

உங்கள் குதிரை இன்னும் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். எக்ஸ்ரே வந்ததும் எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது, அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். மரச்சீவல் போட்ட இரவு அது படுத்ததா என்பதையும் எழுதுங்கள்.