விமானிக்குப் பின்னால் இருப்பவர்கள்: வெளிநாட்டுப் பணியில் விமானப்படையினர் – கேள்வி பதில்

இந்திய விமானப்படை வெளிநாட்டுக்கு ஓர் அணியை அனுப்பினால், மறுநாள் செய்தித்தாளில் விமானத்தின் படமும் விமானியின் பெயரும் வரும். அந்த விமானத்துக்குச் சுமை ஏற்றியவர், இன்ஜினைத் திறந்து பார்த்தவர், வானிலை சொன்னவர், விடியும் முன்னே எழுந்து சமைத்தவர் ஆகியோரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. நான் ஹெலிகாப்டர் இன்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். கிழக்குக் காங்கோவின் கோமாவில் ஐ.நா. அமைதிப் பணியில் இருந்திருக்கிறேன். நான் நேரில் இல்லாத பணிகளைப் பற்றி, வெளியான அதிகாரபூர்வச் செய்திகளில் உள்ளதை மட்டுமே சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: ஐயா, 2022-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் நடந்த 'பிட்ச் பிளாக்' பயிற்சிக்கு நான்கு சுகோய்-30 விமானங்கள் போயின. உடன் போனவர்கள் நூற்றுக்கும் மேல் என்று படித்தேன். ஏன் இத்தனை பேர்?

தம்பி, ஒரு சுகோயைத் தரையில் சுற்றி வந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உடற்பகுதிக்கு ஒருவர், இன்ஜினுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், ரேடாருக்கும் ரேடியோவுக்கும் ஒருவர், ஆயுதம் பொருத்தும் இடங்களுக்கு ஒருவர் என்று பிரிவு பிரிவாக ஆட்கள் உண்டு. ஒருவர் செய்த வேலைக்கு வேறு பிரிவுக்காரர் கையெழுத்திட முடியாது. எல்லாக் கையெழுத்தும் ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் விழுந்த பிறகு, கடைசியில் விமானி கையெழுத்திட்டுத்தான் விமானத்தை ஏற்றுக்கொள்கிறார். பகலிலும் இரவிலும் பறக்கும் பயிற்சி என்றால் ஒரே ஆள் இரண்டு முறையும் நிற்க முடியாது. மாற்றுக் குழு வேண்டும்.

சொந்தத் தளத்தில் ஒரு பாகம் பழுதானால் கிடங்கிலிருந்து வாங்கி வரலாம். டார்வினில் அப்படி ஒரு கிடங்கு நமக்குக் கிடையாது. டயர், ஜாக்கி, நைட்ரஜன் சிலிண்டர், சோதனைக் கருவிகள் என்று எல்லாவற்றையும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நான்கு சுகோய்களுடன் இரண்டு சி-17 சரக்கு விமானங்கள் போனது இதற்காகத்தான். 2023 ஜனவரியில் ஜப்பானின் ஹியாக்குரி தளத்துக்குப் போனபோது நான்கு சுகோய், இரண்டு சி-17, வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஐ.எல்-78 ஒன்று. 2024-ல் ரஃபேல் விமானங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அலாஸ்காவின் எயில்சன் தளத்துக்குப் போனதும் ஐ.எல்-78-ன் துணையால்தான். எனக்கு அந்த எரிபொருள் விமானக் குழுவினர் மீது தனி மரியாதை உண்டு. அவர்கள் குழாயை நீட்டிக் காத்திருக்காவிட்டால் நம் போர் விமானங்கள் கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

திருநெல்வேலி வாசகர்: கோமாவில் உங்கள் அன்றாட வேலை என்ன? நம் ஊரில் பார்க்கும் அதே பராமரிப்புதானே?

கையேடு அதேதான், இடம் வேறு. கோமா கிவு ஏரியின் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே நிய்ராகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அது வெடித்தபோது எரிமலைக் குழம்பு ஊரின் நடுவே பாய்ந்து விமான ஓடுபாதையின் ஒரு பகுதியையும் மூடிவிட்டது. அடுத்த ஆண்டு நம் விமானப்படை அணி அங்கே போய் இறங்கியது. உறைந்த குழம்பு கரடுமுரடான கரும்பாறையாகக் கிடக்கும். அதன் தூள் எங்கும் பறக்கும்.

அந்தத் தூள்தான் எங்களுக்கு முதல் எதிரி. எம்.ஐ-17 ஹெலிகாப்டர் மண் தரையில் இறங்கும்போது தன் காற்றாலேயே தூசியைக் கிளப்பி அதையே உள்ளே இழுக்கும். இன்ஜின் வாயில் தூசுத் தடுப்பான் இருந்தாலும் எல்லாமும் நின்றுவிடாது. உள்ளே போகும் துகள் கம்ப்ரெசர் தகடுகளின் விளிம்பைத் தேய்க்கும். தேய்ந்தால் இன்ஜினின் வலு குறையும். உயரமான இடத்தில் காற்று ஏற்கெனவே அடர்த்தி குறைந்தது, இரண்டும் சேர்ந்தால் ஏற்றக்கூடிய எடை சரசரவென்று இறங்கிவிடும். ஆகவே கம்ப்ரெசரைக் கழுவுவது, தகடுகளை விளக்கடித்துப் பார்ப்பது, கியர்பாக்ஸ் எண்ணெயில் உலோகத் துகள் சேர்ந்திருக்கிறதா என்று காந்த அடைப்பானைக் கழற்றிப் பார்ப்பது ஆகியவற்றில் எங்கள் பொழுது போகும். துகளின் அளவையும் வடிவையும் பார்த்து, இது சாதாரணத் தேய்மானமா, உள்ளே பேரிங் உடைகிறதா என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் காட்டுக்கு மேலே நம் ஆட்கள் இருப்பார்கள்.

காலையில் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்போம். ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால் இதை ஒரு நாளும் விடுவதில்லை. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை அந்த ஹெலிகாப்டர் பறக்காது, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

இப்படித் தயாராகும் ஹெலிகாப்டர்தான் மாசிசி, வாலிகாலே போன்ற பகுதிகளில் இருந்த காவல் முகாம்களுக்கு வீரர்களையும் அரிசியையும் தண்ணீரையும் கொண்டுபோகும். திரும்பும்போது நோயாளியை ஏற்றிவரும். சாலை என்று வரைபடத்தில் இருப்பது மழையில் சேறாகிவிடும் இடங்கள் அவை. ஹெலிகாப்டர் வரவில்லை என்றால் அந்த முகாமில் சாப்பாடு வரவில்லை என்று அர்த்தம்.

சென்னை வாசகி: லோட்மாஸ்டர் என்பவர் யார்? மூட்டை ஏற்றுபவர்களை மேற்பார்க்கிறவரா?

அம்மா, அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் விமானக் குழுவில் ஒருவர். சி-17 சுமார் 77 டன் வரை சுமக்கும். அவ்வளவு எடையை எங்கே வைப்பது என்பது கணக்கு. எடையின் ஈர்ப்பு மையம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். பின்னால் கூடிப்போனால் மேலெழும்பும்போது மூக்கு தூக்கிக்கொள்ளும். வண்டி ஏற்றினால் எத்தனை சங்கிலி, எந்தக் கோணத்தில் என்பதும் அவர் கணக்கே. பேட்டரி, ஆக்சிஜன் சிலிண்டர், பெட்ரோல் போன்ற ஆபத்தான பொருள்களை எதனருகே வைக்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலநடுக்கம் வந்தது. சில மணி நேரத்தில் நம் சி-17 விமானங்கள் அதானாவை நோக்கிக் கிளம்பத் தொடங்கின. அவற்றில் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், மோப்ப நாய்கள், கான்கிரீட் வெட்டும் கருவிகள், பிறகு ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவமனையின் 99 பேர், எக்ஸ்-ரே கருவி, மருந்துகள் எல்லாம் போயின. இஸ்கெந்தெருனில் அந்த மருத்துவமனை திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இறங்கியவுடன் முதலில் தேவைப்படும் பெட்டி கடைசியில் ஏற்றப்பட வேண்டும் என்பது எளிய விதிதான். ஆனால் நள்ளிரவில், பொருள்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று ஏற்றியவர்களுக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: இந்த வெளிநாட்டுப் பணிகள் எப்போதிலிருந்து?

சுதந்திர இந்தியாவில் பெரிய அளவில் என்றால் 1961 காங்கோதான், ஐயா. ஐ.நா. கேட்டுக்கொண்டபடி நம் 5-வது ஸ்குவாட்ரனின் ஆறு கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் போயின. கமினா தளத்திலிருந்து பறந்து, காங்கோவிலிருந்து பிரிய முயன்ற கட்டங்கா மாகாணப் பிரிவினைவாதிகளின் கோல்வெசி விமானத்தளத்தைத் தாக்கின. அடுத்து நான் அடிக்கடி நினைப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். அங்கே ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன நம் கூர்க்கா வீரர்கள் கைலாஹுனில் இரண்டு மாதங்களுக்கு மேல் கிளர்ச்சியாளர்களால் சூழப்பட்டிருந்தார்கள். 2000 ஜூலை 15, 16 தேதிகளில் 'ஆபரேஷன் குக்ரி' அவர்களை மீட்டது. கடும் மழைக்காலம். பிரிட்டிஷ் சினூக் ஹெலிகாப்டர்களுடன் நம் எம்.ஐ-8, எம்.ஐ-35 ஹெலிகாப்டர்களும் பறந்தன. அன்று காலை அத்தனை ஹெலிகாப்டர்களும் கிளம்பும் நிலையில் நின்றதற்கு முந்தைய இரவு விழித்திருந்தவர்கள் காரணம் என்பதை என்னால் மறக்க முடியாது.

டொரொண்டோவிலிருந்து: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எனக்கு 1987-ல் ஒன்பது வயது. உங்கள் ஹெலிகாப்டர்களின் சத்தம் எங்களுக்குப் பயம். இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

அம்மா, உங்கள் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலம் அது; நான் படையில் சேர்ந்தது அதற்குப் பிறகு. யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளத்தில் இறங்கிய ஏ.என்-32 விமானங்களில் சரக்கு ஏற்றியவர்களும் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்களும் எனக்கு மூத்தவர்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய இரவைப் பற்றி அவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். குண்டு துளைத்த ஹெலிகாப்டர்களைச் சரிசெய்த கதை அது. கீழே வீடுகளில் இருந்தவர்களின் கதை அதில் இல்லை. அதை நீங்கள்தான் சொல்ல முடியும். அமைதிக்காக என்று போன படையின் சத்தம் ஒரு குழந்தைக்குப் பயமாக இருந்தது என்றால், அந்தப் பயம் உண்மை. எங்கள் வேலைத்திறமையைச் சொல்லி அதை நான் சிறிதாக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: மகன் விமானப்படையில் சேர அக்னிவீர்வாயு தேர்வு எழுதப் போகிறான். சேர்ந்தவுடனே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

கவலை வேண்டாம், அம்மா. பொதுவாக வெளிநாட்டு அணிக்கு அந்த விமானத்தில் கை பழகியவர்களையே பொறுக்கி எடுப்பார்கள். அங்கே கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. மருத்துவப் பரிசோதனையும் கண்டிப்பானது. காங்கோ போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். மலேரியா மாத்திரையை ஒழுங்காக விழுங்க வேண்டும். கொசுவலை கட்டாமல் தூங்கினால் எங்கள் மருத்துவ உதவியாளர் வந்து எழுப்பிவிடுவார்; அவருக்குப் பயந்தே பலர் ஆரோக்கியமாக ஊர் திரும்பினோம்.

சேலம் வாசகர்: சூடானிலிருந்து இரவில் ஆட்களை மீட்டது எப்படி? விமானி மட்டும் துணிந்தால் போதுமா?

2023 ஏப்ரல் 27-28 இரவு, சண்டை நடந்துகொண்டிருந்த சூடானின் தலைநகர் கார்ட்டூமுக்கு வடக்கே வாடி செய்யிட்னா என்ற சிறு ஓடுபாதை. வழிகாட்டும் கருவியும் எரிபொருளும் இல்லை. இறங்குவதற்கு விளக்கும் இல்லை. நம் சி-130ஜே சரக்கு விமானக் குழு அகச்சிவப்புக் கருவியால் ஓடுபாதையில் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இரவில் பார்க்கும் கண்ணாடி அணிந்து இறக்கியது. இன்ஜின்களை அணைக்கவே இல்லை. விமானப்படையின் எட்டு கருட் கமாண்டோக்கள் இறங்கிப் பயணிகளைப் பாதுகாப்பாக ஏற்றினார்கள். 121 பேர், அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். ஜெட்டாவுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

இன்ஜினை அணைக்கவில்லை என்ற வரியை இன்ஜின்காரனாக நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கே அணைத்து, மறுபடி கிளப்பும்போது ஏதாவது கோளாறு என்றால் உதவிக்கு வர யாரும் இல்லை. அன்று அந்த இன்ஜின்களைத் தயார்செய்து அனுப்பியவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் இல்லை. விமானியின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தத் துணிச்சல் யாருடைய கையெழுத்தின் மீது நின்றது என்பதையும் கேளுங்கள் என்கிறேன்.

ஈரோடு மாணவி: வானிலைப் பிரிவுக்கு அங்கே என்ன வேலை? செயற்கைக்கோள் படமே போதுமே?

படம் போதாது. காங்கோ பகுதி உலகிலேயே மின்னல் மிக அதிகமாக அடிக்கும் இடங்களில் ஒன்று. பிற்பகலில் மலைகளின் மேல் இடிமேகம் வேகமாகத் திரளும். எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்பவர் வானிலை உதவியாளர். அவர் 'வேண்டாம்' என்றால் அன்று பயணம் இல்லை.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: ஐ.நா. பணியில் நிறையப் பணம் என்கிறார்களே?

ஹெலிகாப்டர்களுக்கும் ஆட்களுக்கும் ஐ.நா. தரும் தொகை நம் அரசுக்குப் போகிறது. படைவீரருக்கு அரசு தன் விதிப்படி வெளிநாட்டுப் படி தருகிறது. வீட்டுக்கடன் அடைக்க உதவும், செல்வம் சேராது. தொண்ணூறு நாள் பணி முடித்தால் ஐ.நா. பதக்கம் உண்டு.

விழுப்புரம் வாசகர்: சமையல்?

உணவுப் பொருளை ஐ.நா. தரும், சமைப்பது நம் கேட்டரிங் பிரிவு. கோமா குளிர்ந்த ஊர், இட்லி மாவு எளிதில் புளிக்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைப்பார் எங்கள் சமையற்காரர். பஞ்சாபிக்கு ரொட்டி, நமக்குச் சோறு, வங்காளிக்கு மீன் என்று முகம் பார்த்துச் சமைத்தவர். வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தவனை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார், தட்டில் மிச்சம் வைப்பதைப் பார்த்து. தளபதியிடம் சொல்லி அவனுக்கு அன்று இயந்திரத்தில் கைவைக்கும் வேலை கொடுக்காமல் பார்த்துக்கொள்வார். விமானப் பாதுகாப்பில் அவருக்கு இருந்த பங்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நாகர்கோவில் மாணவி: பெண்களுக்கு இந்த வாய்ப்புகள் உண்டா?

உண்டு. ஜப்பான் பயிற்சியில் சுகோய் விமானி அவனி சதுர்வேதி பங்கேற்றார். தரைப்பணிகளில் பெண் அதிகாரிகள் முப்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். அக்னிவீர்வாயுவாகவும் இப்போது பெண்கள் சேர்கிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி: வெளிநாட்டுப் பணிக்குப் போக எந்தப் பிரிவைக் கேட்டு வாங்குவது, அண்ணா?

கேட்டு வாங்குவது உன் கையில் முழுதாக இல்லை. மதிப்பெண்ணையும் படையின் தேவையையும் பார்த்துத்தான் பிரிவு ஒதுக்குவார்கள். இயந்திரப் பிரிவு கிடைத்தால் தாம்பரத்திலும், வாகனப் பிரிவு கிடைத்தால் ஆவடியிலும் பயிற்சி இருக்கும். இரண்டும் நம் ஊர்ப்பக்கம்தான். வாகனப் பிரிவு என்றால் முகம் சுளிக்காதே. கோமாவில் எரிபொருள் லாரி கிளம்பவில்லை என்றால் ஹெலிகாப்டரும் கிளம்பாது. எந்தப் பிரிவு கிடைத்தாலும் உன் பெயரில் விழும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன் வேலையை நீயே ஒருமுறை கண்ணால் பார். அப்படிப் பார்ப்பவன் என்று பெயர் எடுத்தவனைத்தான் வெளிநாட்டு அணிக்குப் பட்டியல் போடும்போது மூத்தவர்கள் முதலில் நினைப்பார்கள். நான் பட்டியல் போட்டபோதும் அப்படித்தான் செய்தேன்.