ரெண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்னி

கடிதம்:

சார், வணக்கம். நான் பாஸ்டன் பக்கம் ஐடி வேலைல இருக்கேன். இந்த லீவுல அமெரிக்காவோட முதல் நிதி மந்திரி ஹாமில்டன், அவர எதுத்து நின்னு பின்னாடி ஜனாதிபதியான ஜெஃபர்சன், ரெண்டு பேரப் பத்தியும் உக்காந்து படிச்சேன். 1790ல ஹாமில்டனோட கடன் திட்டம் இல்லன்னா அமெரிக்காங்குற நாடே தேறியிருக்காதுன்னு தோணுது. சிப்பாய்ங்க கையிலிருந்த கடன் பத்திரத்த வியாபாரிங்க சல்லிசா வாங்கி லாபம் அடிச்சாங்கன்னு அவர் மேல குறை சொல்றாங்க. வித்தவன் தானாதான வித்தான், வாங்கினவன் ரிஸ்க் எடுத்தான், இதுல என்ன தப்பு? நீங்க ஹாமில்டன் பக்கமா, ஜெஃபர்சன் பக்கமா? அப்ப வந்த தேசிய பேங்க்க நம்ம ரிசர்வ் பேங்க்கோட ஒப்பிடலாமா? எதப் படிச்சு ஆரம்பிக்கலாம்னும் சொல்லுங்க.

பதில்:

தம்பி,

பேங்க் விஷயத்த விடுங்க, எனக்கு பாஸ்புக்கே சரியா படிக்கத் தெரியாது. எதப் படிக்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றதுதான், கைக்கு மொதல்ல எது கிடைக்குதோ அதப் படிங்க. ஆனா அந்த "தானாதான வித்தான்"ங்குற வரிய பாத்துட்டு ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல. நல்லா படிக்கிற பையன், இவ்ளோ ஈசியா எழுதிட்டீங்களேன்னு கோவம்தான் வந்துச்சு.

ஜோசஃப் பிளம் மார்ட்டின்னு ஒருத்தர் இருந்தார். பிரிட்டன எதுத்து நடந்த அமெரிக்க சுதந்திரப் போர்ல, 1776ல பதினஞ்சு வயசுல பட்டாளத்துல சேந்தவர், கனெக்டிகட் பையன். குளிர்காலத்துல சோறு இல்லாம குச்சியிலேர்ந்து மரப்பட்டைய கடிச்சுத் தின்னதா அவரே எழுதியிருக்கார். கடைசி பெரிய சண்டையான யார்க்டவுன் வரைக்கும் இருந்தார். 1783ல போர் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்புறப்ப சம்பள பாக்கிக்கு கையில காசா கொடுக்கல, பேப்பர் கொடுத்தாங்க. அதுல கொஞ்சத்த வித்து அவர் என்ன வாங்கினார் தெரியுமா, போட்டுக்க உருப்படியான துணிமணி. அவ்ளோதான் தம்பி. அத்தனை வருஷ சண்டை முடிஞ்சு உருப்படியான துணி இல்லாம நின்னவன் ஒரு சட்டைக்காக வித்தான், அதத்தான் நீங்க "தானா"ன்னு எழுதுறீங்க.

அந்தப் பேப்பர் டாலருக்கு பத்து பதினஞ்சு சென்ட்டுன்னு கை மாறிச்சு. 1790 ஜனவரியில ஹாமில்டன் அறிக்கை வைக்கிறார், பத்திரம் இப்ப யார் கையில இருக்கோ அவங்களுக்கே முழு மதிப்புக்கும் புது பத்திரமா கொடுத்துருவோம்னு. விஷயம் முன்னாடியே காதுல விழுந்தவங்க வேகமா போற கப்பல் பிடிச்சு தெக்கு மாநிலங்களுக்கு ஆள் அனுப்பி, சேதி எட்டாத ஊர்ல மிச்சம் இருந்ததையும் வாங்கித் தள்ளினாங்க. இதுதான் நீங்க சொல்ற ரிஸ்க். காங்கிரஸ் சபையில மேடிசன்ங்குற உறுப்பினர் எந்திரிச்சு, இப்ப வச்சிருக்கவனுக்கு மார்க்கெட்ல போன உச்ச விலைய கொடுப்போம், மிச்சத்த முதல்ல வாங்கின சிப்பாய்க்கு கொடுப்போம்னார். ஓட்டுல 36க்கு 13னு தோத்துப் போச்சு. ஹாமில்டனோட வாதமும் மட்டமில்ல, அத ஒத்துக்குறேன். கை மாறின பத்திரத்துக்கு மதிப்பில்லன்னு ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் அரசாங்கக் காகிதத்த எவன் வாங்குவான்னு கேட்டார், நியாயமான கேள்விதான்.

ஆனா ரிஸ்க்கெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. காத்திருக்கவும் காசு வேணும்ல. அத நான் புக்குல படிச்சு தெரிஞ்சுக்கல.

எங்க ஊர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருந்துச்சு, 97ல ஷட்டர இறக்கிட்டாங்க. அம்மா அதுல பன்னெண்டாயிரம் டெபாசிட் போட்டிருந்தாங்க, எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட பதினஞ்சு நாள்தான் இருந்துச்சு. எதுத்த வீட்டு அக்கா வந்து அந்த ரசீத மூவாயிரத்துக்கு வாங்கிக்கிட்டாங்க, வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்து. அஞ்சாறு வருஷம் கழிச்சு கோர்ட் மூலமா அந்த ரசீதுக்கு ஒம்பதாயிரம் போல வந்துச்சு. அக்கா கெட்டவங்க இல்ல, எனக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை கொண்டாந்து வச்சவங்க. அம்மாவும் அதுக்கப்புறம் அவங்க வீட்டுக்கு அதிரசம் கொடுத்து விடாம இருந்ததில்ல. நான்தான் ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கல.

அதனாலதான் அபிகெய்ல் ஆடம்ஸ் பத்தி யாராச்சும் பேசினா எனக்கு அந்த அக்கா ஞாபகம் வந்துரும். ஆமா, அவங்களும் வாங்கினாங்க. புருஷன், பின்னாடி ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்கு நிலம் வாங்கணும்னு ஆசை, இந்தம்மா பத்திரம்தான் லாபம்னு காட்டன் டஃப்ட்ஸ்ங்குற மாமா மூலமா வாங்கிச் சேத்தாங்க. கல்யாணமான பொண்ணு பேர்ல சொத்தே இருக்கக் கூடாதுங்குற சட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டு இது என் காசுன்னு சொன்ன பொம்பள, 1816ல உயில் எழுதி பெரும்பாலும் பொண்ணுங்களுக்கே கொடுத்தாங்க, அப்படி எழுத சட்டப்படி உரிமையே கிடையாது. எனக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும். அந்தக் காசு எந்த சிப்பாயோட சட்டைக் காசோன்னு நெனச்சா வலிக்கவும் செய்யுது. ரெண்டையும் சேத்துதான் வச்சிருக்கேன், என்ன பண்றது.

நீங்க இருக்குறதே மாசசூசெட்ஸ், டேனியல் ஷேஸ் பத்தி ஒரு வரி எழுதல பாருங்க! அதே போர்ல பங்கர் ஹில்ல சண்ட போட்டவர், கேப்டன், பின்னாடி விவசாயிங்க கலகத்துக்கு தலைவரா நின்னவர். பிரெஞ்சு ஜெனரல் லஃபாயெட் கொடுத்த வாள வறுமையில வித்தவர். பத்திரக்காரங்களுக்கு கொடுக்க மாநிலம் வரி போட்டுச்சு, அதுவும் தங்க, வெள்ளிக் காசாத்தான் கட்டணும்னு. விவசாயிங்க கையில அந்தக் காசு ஏது? 1786ல கடன் கேசு நடக்க விடாம கோர்ட்டுங்கள மறிச்சாங்க. 1787 ஜனவரி 25, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கு முன்னாடி பீரங்கியால சுட்டதுல நாலு பேர் போய்ட்டாங்க. அடக்க வந்த லிங்கனோட படைக்கு (ஆபிரகாம் இல்ல, பெஞ்சமின்) பாஸ்டன் வியாபாரிங்க சொந்தக் காச போட்டாங்க. அந்தப் படை ராத்திரி முழுக்க பனியில நடந்து, பெட்டர்ஷாம்ங்குற ஊர்ல போய் ஷேஸ் ஆளுங்கள அமுக்கினாங்க. அந்த மே மாசமே ஃபிலடெல்ஃபியாவுல கூடி எழுதின அரசியல் சட்டத்துல, எந்த மாநிலமும் தங்கம் வெள்ளி தவிர வேற எதையும் கடனுக்கு ஈடாக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அத யார மனசுல வச்சு எழுதினாங்கன்னு நீங்களே யோசிங்க.

ஜெஃபர்சனா? அப்பப்ப சின்னதா ஒரு கலகம் நடக்குறது நல்லதுதான்னு பாரீஸ்ல இருந்துக்கிட்டு லெட்டர் போட்டார். ஊர்ல அவரோட வயல்ல அடிமைங்க வேல பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு பக்கமெல்லாம் இல்ல தம்பி.

மார்ட்டின் கதை மிச்சம் இருக்கு. மெய்ன் பக்கம் போய் காட்ட வெட்டி குடியேறினார். அந்த நிலம் எனக்குச் சொந்தம்னு ஒரு ஆள் வந்தார், ஹென்றி நாக்ஸ், அதே போர்ல ஜெனரல், அப்புறம் வாஷிங்டனோட போர் மந்திரி. நிலம் போச்சு. 1818ல ஏழை சிப்பாய்க்கு மாசம் எட்டு டாலர் பென்ஷன்னு சட்டம் வந்துச்சு, ரெண்டு வருஷத்துல சொத்துக் கணக்கு காட்டி ஏழைன்னு நிரூபிங்கன்னாங்க. அவர் காட்டின லிஸ்ட்ல ரெண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்னி.

ஸ்பிரிங்ஃபீல்ட் உங்க ஊர்லேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான். போய்ட்டு வாங்க. வழியில கொஞ்சம் வடக்க ஒதுங்கினா பெட்டர்ஷாம் வரும், பனி கொட்டிக் கிடக்கும்போதே போய் அந்த ரோட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எனக்கு அத பாக்கணும். குல்லா போட்டுக்கிட்டுப் போங்க.