பெட்ரோல் இஞ்செக்டரில் அழுத்தத்தை ஏற்றினால் போதாதா, நாஸிலுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபாலில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். நேரடி இஞ்செக்‌ஷனில் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை) 200 பாரிலிருந்து 350 பார் வரை வந்துவிட்டார்கள் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), அழுத்தம் ஏற ஏறத் துளி நுணுகும் என்றால் இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்கிறார். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கும் யோசனை கேட்கிறார்.

போதாது தம்பி. பாயான் லெப்பாஸில் நாஸில் (பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் துளையுள்ள முனை) வேலையில் எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. இதே கேள்வியோடுதான் நானும் உள்ளே வந்தேன்.

முதலில் அளவு பிடிபட வேண்டும். 500 சிசி சிலிண்டர் ஒன்று முழுக்கக் காற்று இழுத்தால் அது சுமார் 0.6 கிராம். எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில் அதற்கு வேண்டிய பெட்ரோல் 40 மில்லிகிராம், அதாவது கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தில் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டின் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதையே 15 மைக்ரான் துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 3 கோடி துளிகள் வரும். மேற்பரப்பு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு விரியும். ஆவியாவது அந்தப் பரப்பில்தான் நடக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் காற்று இழுக்கும் நேரம் மொத்தமே 5 மில்லிசெகண்ட். பழைய முறையில் 3, 4 பாரில் வால்வின் முதுகில் தெளித்துவிட்டு, சூட்டில் ஆவியாகட்டும் என்று விட்டுவிட முடிந்தது. இங்கே அந்த அவகாசம் கிடையாது.

இனி உங்கள் அழுத்தத்துக்கு வருவோம். உராய்வை விட்டுவிட்டுப் போட்டால், 200 பாரில் பெட்ரோல் துளையை விட்டு வரும் வேகம் நொடிக்கு 230 மீட்டர். 350 பாரில் 305 சொச்சம். அழுத்தம் முக்கால் பங்கு ஏறியும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது. பம்பைச் சுற்றும் கேம் ஷாஃப்டிடமிருந்து பிடுங்கும் வேலையோ அழுத்தத்தோடு சரிக்குச் சரி ஏறும்.

அதோடு முடியாது. அதே துளைகளில் அழுத்தத்தை ஏற்றினால் பெட்ரோல் சீக்கிரமே கொட்டித் தீர்ந்துவிடும். ஐடிலில் கேட்கும் அளவு, டர்போ எஞ்சின் முழு மூச்சில் கேட்பதில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன அளவுக்கு, துளைகளைத் திறந்து மூடும் நீடில் முழுக்க மேலே எழும்புவதற்குள் திரும்பி உட்கார வேண்டியிருக்கும். பந்தை மேலே எறிந்து பிடிப்பது போன்ற நிலை அது. நீடிலைத் தூக்கும் மின்காந்தமான சோலினாய்டுக்கு 65 வோல்ட் கொடுத்து உதைத்தாலும், ஒவ்வொரு இஞ்செக்டரும் அந்த இடத்தில் கொஞ்சம் வேறுமாதிரிதான் நடந்துகொள்ளும். சரி, துளையைச் சின்னதாக்கலாம் என்றால், முடி கனத்துக்கும் சின்ன துளை கரி படிந்து சீக்கிரம் அடையும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வருகிறது.

நான் முதன்முதலில் ஒரு ஸ்ப்ரே சிமுலேஷனைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டியபோது, என் சீனியர் துளி அளவைப் பார்க்கவே இல்லை. "பிஸ்டன் எங்கேப்பா? வால்வு எங்கே?" என்று கேட்டார். நான் வெறும் வெளியில் தெளித்திருந்தேன். அன்று சாயங்காலம் பிஸ்டனையும் இன்டேக் வால்வையும் வரைந்து சேர்த்தேன். ஆறு தாரையில் இரண்டு போய் பிஸ்டன் தலையில் மோதின, ஒன்று திறந்த வால்வைத் தொட்டது. அதிலிருந்து நான் பெட்ரோல் எங்கே போய் ஒட்டக்கூடாது என்று முதலில் குறித்துக்கொள்கிறேன். துளைகளின் கோணம் அதற்குப் பிறகுதான்.

ஒட்டினால் என்ன ஆகும்? சுவரில் படிந்த படலம் காற்றோடு கலக்காமல் கரும்புகையாக எரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களைத்தான் எண்ணுகிறார்கள். 2017 முதல் ஐரோப்பாவில் நேரடி இஞ்செக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கு யூரோ 6 விதித்த வரம்பு கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் பிஸ்டன் தலையில் கொஞ்சம் ஈரம் தங்கினாலே அதைத் தாண்டிவிடும்.

இன்னொரு ஈரம் நாஸில் முனையிலேயே இருக்கிறது. நீடில் மூடிய பிறகும் ஓரத்தில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். சூட்டில் அது கரியாகும், அந்தக் கரி அடுத்த முறை பஞ்சுபோல பெட்ரோலைக் குடித்துக்கொள்ளும். இதற்காகத் துளையின் வெளிவாயை அகலமாக்கிப் படி வைக்கிறோம். உள்ளே இருக்கும் சின்ன துளை தீயிலிருந்து தள்ளி நிற்கும். ஆனால் விரிந்து வரும் தாரை அந்தப் படியின் சுவரை உரசினால், காப்பாற்ற வைத்ததே ஈரமாகிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சில மைக்ரானுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

புக்கிட் மெர்தாஜாமில் என் மாமாவுக்கு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஒருநாள் பசியாறிவிட்டு அங்கே போனபோது, கழற்றிய இன்டேக் வால்வு ஒன்றைக் கையில் கொடுத்தார். கரி தடிமனாகப் படிந்திருந்தது. "நல்ல பெட்ரோல்தான் ஊத்துறாங்க, அப்புறம் ஏன்டா இப்படி?" என்றார். பெட்ரோல் இப்போது வால்வைத் தாண்டி நேரே சிலிண்டருக்குள் போகிறது மாமா, வால்வைக் கழுவ ஆளில்லை, என்றேன். பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்பு மருந்து நாஸில் முனையைக் காப்பாற்றும், வால்வை எட்டாது. அதனால்தான் அவர் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்கிறார். டொயோட்டா 2005-லேயே ஒரே எஞ்சினில் சிலிண்டருக்குள் தெளிப்பது, வால்வின் முதுகில் தெளிப்பது என்று இரண்டு வகை இஞ்செக்டரையும் வைத்ததில் இந்தக் கழுவலும் கிடைக்கிறது.

புராஜெக்ட்டுக்கு நான் சொல்வது: ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட இஞ்செக்டர் நாலைந்து வாங்குங்கள். முனையை நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் துளையின் உள்வாய் கூர்மையாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, கரி படியில் நிற்கிறதா உள்ளே இறங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தெளித்துப் பார்க்க ஆசை வந்தால் லெக்சரர் கூட இருக்க, லேப்பில், மூடிய சேம்பரில், பெட்ரோலுக்குப் பதில் ஹெப்டேன் என்ற திரவத்தை வைத்துச் செய்யுங்கள். 200 பார் தாரை தோலைக் கிழித்து உள்ளே இறங்கும். வெளியே தெரியும் காயம் ஊசி குத்தியதுபோல்தான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. அறுத்த முனையின் படம் கிடைத்ததும் இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள், அந்தக் கரியை நானும் பார்க்க வேண்டும்.