பழைய தகர டப்பாவின் அடித்தகட்டை இயந்திரம் எப்படிப் பற்றவைத்தது? ஏன் சில ஒழுகின?

1880களில் அமெரிக்க ஆலைகளில் கையால் பற்றவைக்கும் சூட்டுக்கோலை விட்டுவிட்டு டப்பாவையே உருட்டினார்கள். விளிம்பு மடித்த அடித்தகட்டை உடலில் செருகி, துத்தநாகம் கரைத்த ஆசிட்டில் நனைத்தபின், சங்கிலி அதைச் சாய்வாக உருட்டிப் போகும். விளிம்பு மட்டும், தகடுகளை ஒட்டவைக்கும் உருகிய உலோகக் கலவையான பற்றாசில் படும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த இது 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், மெல்லிய இடுக்கில் தானாக ஏறிக்கொள்ளும்.

ஆசிட் எட்டாத இடத்தில் பற்றாசு ஒட்டாமல் மணிமணியாகத் திரளும். ஒழுகுவது அங்கேதான். இடுக்கு அகலமானால் நச்சான காரீயம் கலந்த பற்றாசு உள்ளே சொட்டும், இது இன்னும் மோசம்.

இரு பக்கமும் அடைத்துச் சூடாக்கினால் உள்காற்று விரிந்து, இளகிய பற்றாசைத் துளைத்து வெளியேறும். மேல்தகட்டில் உணவு நிரப்ப விட்ட ஓட்டை காற்றுக்கும் வழியானது. அதை மூடும் வில்லையிலும் ஊசித்துளை விட்டு, கடைசியில் ஒரு சொட்டுப் பற்றாசால் அடைத்தார்கள்.

1900களின் தொடக்கத்தில் மூடி விளிம்பையும் உடல் விளிம்பையும் சேர்த்து மடித்து அழுத்தும் இரட்டை மடிப்பு வந்தபின் மூடிகளுக்குப் பற்றாசு தேவைப்படவில்லை. பக்க மடிப்பில் மட்டும் நெடுநாள் நீடித்தது.