முதலில் வக்கீல், பிறகு ராணுவம், கடைசியில் எம்.எல்.ஏ.: மகளின் கனவு நடக்குமா?

ஐயா, பிளஸ் டூ படிக்கும் மகள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால், எதிலும் ஊன்றி நிற்க மாட்டாளோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவள் சொன்ன வரிசைதான் சரி; மாற்றினால்தான் சிக்கல்.

காரணம் வயது. ராணுவத்தின் சட்டப் பிரிவான 'ஜாக்'கில் அதிகாரியாகச் சேர 21 முதல் 27 வயதுக்குள் இருக்க வேண்டும். சட்டப் படிப்பில் 55 சதவீதம் தேவை. தனி எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வான 'கிளாட்'டின் முதுநிலைத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள். பிறகு ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. சட்டமன்றத்துக்குப் போட்டியிடவோ 25 வயது நிறைந்தால் போதும், உச்சவரம்பே இல்லை. ஆக, காத்திருக்கக்கூடியது அரசியல்தான்.

அதனால் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். வேறு டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. போனால் ஒரு வருடம் கூடுதலாகும். 27 என்ற கெடு இருக்கும்போது அந்த ஒரு வருடம் பெரிது.

ஒன்றை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சீருடையில் இருக்கும்வரை கட்சியில் சேரவோ தேர்தலில் நிற்கவோ முடியாது, நீதிமன்றத்தில் வக்கீல் தொழிலும் நடத்த முடியாது. ஜாக்கில் கிடைப்பது குறுகிய காலப் பணி: 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4. பத்தாண்டோடு நிறுத்தினால் முப்பத்தைந்தை ஒட்டி வெளியே வருவாள். அரசியலுக்கு அது சின்ன வயதுதான்! எம்.எல்.ஏ. ஆனபின்னும் வழக்காடலாம்; 2018-ல் உச்ச நீதிமன்றமே அதற்குத் தடையில்லை என்றது.

பிராந்திய ராணுவம் என்று இன்னொரு வழியும் உண்டு. காங்கிரஸ் தலைவர் சச்சின் பைலட் மத்திய இணை அமைச்சராக இருந்தபோதே, 2012-ல், அதில் அதிகாரியானார். பிற்பாடு ராஜஸ்தான் துணை முதல்வராகவும் இருந்தார். ஆனால் அது பகுதிநேரச் சேவை. வேறு வருமானம் இருப்பவர்களுக்கானது, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

கட்சி சீட்டு கிடைக்குமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கவலையைத் தள்ளி வையுங்கள். இப்போதைக்குக் கண் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். பார்வைக் குறைபாடு ராணுவ மருத்துவத் தேர்வில் தடையாகலாம். அது முன்கூட்டியே தெரிவது நல்லது. ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்வதற்கான இளநிலை கிளாட் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது என்றும் பார்த்துவிடுங்கள்.