கடலைப் பார்க்காமல் திரும்பி வராதீர்கள்

கேள்வி: நாங்கள் லண்டன் லெய்ட்டனில் குடியிருக்கிறோம். என் பன்னிரண்டு வயது மகனுக்கு லெய்ட்டன் ஓரியண்ட் அணி என்றால் உயிர். அந்த அணி வடக்கே கடலோரத்தில் இருக்கும் ப்ளாக்பூலில் ஆடும்போது தன்னைக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு மாதமாகக் கெஞ்சுகிறான். கணவருக்குச் சனிக்கிழமைகளில் வேலை. நான்தான் போக வேண்டும். எனக்கு ஃபுட்பாலும் தெரியாது, அந்த ஊரும் தெரியாது. ரசிகர்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வார்கள் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காலையில் போய் இரவே வீடு திரும்பிவிட முடியுமா?

பதில்:

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் ஒரே நாளில் போய் வருவது மட்டும் வேண்டாம்.

முடியாது என்பதால் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து பிரஸ்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். அங்கே இறங்கி வேறு ரயில் மாறி ப்ளாக்பூல் நார்த் போக இன்னும் அரை மணி. காத்திருப்பையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஐந்து மணிக்கு முடியும். அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினால் பத்து மணிவாக்கில் லண்டன் வந்துவிடலாம். என் மகளை முதன்முதலாக ஒரு கடலோர ஊருக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனபோது நானும் அப்படித்தான் ஓடி வந்தேன். ரயில் கிளம்பி, ஜன்னலில் முகத்தை வைத்து இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "அம்மா, கடல் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள். எட்டு வருடம் ஆகிறது, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சனி இரவு அங்கேயே தங்குங்கள்.

முதலில் டிக்கெட். ஓரியண்ட் கிளப்பிடமே வாங்குங்கள். வெளியூர் ரசிகர்களுக்கென்று மைதானத்தில் தனிப் பகுதி ஒதுக்குவார்கள்; அதற்கான டிக்கெட்டை அவரவர் கிளப்தான் விற்கும். வேறு எங்கோ சுலபமாகக் கிடைக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் பகுதியில் வாங்கிவிடாதீர்கள். ஓரியண்டின் சிவப்பு ஸ்கார்ஃபோடு அங்கே உட்கார்ந்தால் பாதுகாப்பு ஊழியர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். பையன் ஒரு கோலுக்குத் துள்ளிக் குதிக்கக்கூட முடியாது. இன்னொன்று, வெளியூர் ரசிகர்கள் பகுதியில் பாதிப் பேர் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். உங்கள் மகன் உயரத்துக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். டிக்கெட் வாங்கும்போதே சிறுவனோடு வருகிறேன் என்று சொல்லி, முன் வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரயில் டிக்கெட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். தொலைக்காட்சிக்காக ஆட்டத்தை மதியம் பன்னிரண்டரைக்கோ வேறு நாளுக்கோ மாற்றிவிடுவது இப்போது சகஜம். நேரம் உறுதியாகும் முன்பே மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டை வாங்கினால் காசு போனது போனதுதான். உறுதியானதும் உடனே வாங்குங்கள், தாமதித்தால் விலை ஏறும். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் உங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், மகனுடையதில் 60 சதவீதமும் குறையும். வார இறுதியில் தண்டவாள வேலை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; இருந்தால் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆட்டம் செவ்வாய்க்கிழமை இரவுக்குப் போய்விட்டால் இந்த வருடம் வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் லண்டன் திரும்ப வழி தேடி அலைய வேண்டியிருக்கும், மறுநாள் பள்ளிக்கூடமும் இருக்கும்.

ரசிகர்களுக்கான பஸ்ஸிலும் போகலாம். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுவார்கள், பயமில்லை. ஆனால் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். மைதானத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். குடிக்கிறவர்கள் இருப்பார்கள், மறைக்கவில்லை. ஆனால் மைதானத்துக்குள் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது குடிக்கக் கூடாது என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசிகர் பஸ்ஸிலும் மதுவுக்குத் தடை. அதனால் இருக்கையில் உங்கள் பக்கத்தில் யாரும் பாட்டிலோடு உட்கார முடியாது. கெட்ட வார்த்தை மட்டும் நிச்சயம் காதில் விழும், அதுவும் பாட்டாகவே. பையனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊருக்குள் பப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை. ஒருவேளை ஒதுங்க நேர்ந்தால் கதவில் இருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். ஆட்ட நாளில் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத இன்னொரு பயமும் இருக்கும், எனக்குத் தெரியும். நம் நிறத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால்? மைதானத்தில் இனவெறிக் கோஷம் போடுவது 1991-லிருந்து குற்றம். பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை போட்ட ஊழியரிடம் உடனே இருக்கை எண்ணோடு சொல்லுங்கள். சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்வான். ஆனால் இத்தனை வருடத்தில் வெளியூர் ரசிகர்கள் கூட்டத்தில் நான் அதிகம் பார்த்தது வேறு. கூட்டம் சிறியது, வருகிறவர்கள் ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள். சிறு பிள்ளை வந்தால் முன்னால் விடுவார்கள், கோல் விழுந்தால் தூக்கிக்கூடப் பிடிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால், 2001 மே மாதம் கார்டிஃபில் என்ன நடந்தது என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். மேல் பிரிவுக்குப் போக வேண்டிய இறுதி ஆட்டத்தில் இதே இரண்டு அணிகளும் மோதின. ஆட்டம் தொடங்கி 27-ஆவது நொடியில் ஓரியண்டின் கிறிஸ் டேட் கோல் போட்டார். கடைசியில் ப்ளாக்பூல் 4-2 என்று ஜெயித்துவிட்டது. அந்த வலி ஓரியண்ட் ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் 2023-ல் ப்ளாக்பூல் மேல் பிரிவிலிருந்து இறங்கியது, ஓரியண்ட் கீழ்ப் பிரிவில் முதலிடம் பிடித்து ஏறியது. அப்படித்தான் இரண்டும் மறுபடி மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் சந்தித்தன. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால், ஃபுட்பால் தெரியாத உங்களுக்கும் அந்த இரண்டு மணி நேரம் கதையாக ஓடும்.

ப்ளாக்பூல் ரசிகர்களைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஆரஞ்சுப் பழ நிறச் சட்டையில் வருவார்கள். அணியின் பழைய உரிமையாளர்கள் மேல் இருந்த கோபத்தில் வருடக்கணக்கில் சொந்த மைதானத்துக்குள் காலெடுத்து வைக்காமல் இருந்தவர்கள் அவர்களில் ஏராளம். உரிமையாளர் கைமாறும் நேரம் வந்த பிறகு, 2019 மார்ச்சில்தான் திரும்பி உள்ளே வந்தார்கள். அணி மேல் அப்படிப்பட்ட பாசம். மைதானத்துக்கு வெளியே ஸ்டான் மோர்ட்டென்சன் சிலை இருக்கிறது. 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்ட்டனிடம் 3-1 என்று பின்தங்கியிருந்த ப்ளாக்பூல் 4-3 என்று ஜெயித்தது. மூன்று கோல் போட்டவர் இவர். ஆனால் அன்று 38 வயதில் ஓரத்தில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தையே புரட்டிப்போட்ட ஸ்டான்லி மேத்யூஸ் பெயரால்தான் உலகம் அந்த ஆட்டத்தைச் சொல்கிறது. சிலைக்குப் பக்கத்தில் மகனை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள்.

மைதானத்துக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். ப்ளாக்பூல் நார்த்தில் இறங்கினால் நடந்து போக அரை மணிக்கு மேல் ஆகும். 2024-லிருந்து ஸ்டேஷனிலிருந்தே டிராம் கிளம்புகிறது. கடற்கரையோரமாக ஓடும் அந்த டிராமில் ஏறி, நடுக் கடற்பாலத்தைத் தாண்டி இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ப்ளாக்பூல் சவுத் ஸ்டேஷன் மைதானத்துக்கு இன்னும் பக்கம். ஆனால் அது ஒற்றைத் தண்டவாளப் பாதை, மணிக்கு ஒரு ரயில்தான். தவறவிட்டால் காத்துக் கிடக்க வேண்டும்.

முதலில் தங்குமிடத்துக்குப் போய்ப் பையை வைத்துவிடுங்கள். இரவுத் துணியோடு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனால் மைதான வாசலில் நிறுத்திவிடுவார்கள். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றாலும், பையை மட்டும் முன்பே வைக்க பெரும்பாலும் விடுவார்கள், போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊரில் சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் தெருத் தெருவாக இருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தைய கும்மாளத்துக்கென்று கூட்டமாக வருகிற ஊர் அது. அதனால் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும் இடமாகப் பாருங்கள். ப்ளாக்பூல் டவர் என்கிற கோபுரத்தைச் சுற்றிய தெருக்களில் சனி இரவு தூங்க முடியாது. வடக்குக் கடற்கரைப் பக்கம் அமைதி.

சாப்பாட்டு விஷயத்தை அவசியம் கவனியுங்கள். மீனும் சிப்ஸும்தானே, நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் வடக்கே பல கடைகளில் மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். பீஃப் டிரிப்பிங் என்பார்கள். வாசனையில் நமக்குப் பிடிபடாது, நல்ல மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். கவுண்டரில் நின்றதும் முதல் கேள்வியாக, எந்த எண்ணெய் என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான். தாவர எண்ணெய்க் கடை கிடைத்தால் நிம்மதி. மேலே ஊற்றும் கிரேவியை மட்டும் தவிர்த்துவிட்டு மசித்த பட்டாணியைக் கேளுங்கள். மைதானத்தில் 'பை' (pie) என்கிற, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் கிடைக்கும். இறைச்சி இல்லாத வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காசு வாங்காத மைதானங்கள் பெருகிவிட்டன, கார்டு கையில் இருக்கட்டும். ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஒரு வார்த்தை: கடற்கரையில் நின்று சிப்ஸ் சாப்பிடும்போது கடற்காகங்கள் பின்னாலிருந்து வரும். தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் கேட்கும் முன்பே ஒரு துண்டு போயிருக்கும். சுவரோரமாக முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடச் சொல்லுங்கள்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மெரினாவைப் போல எப்போது போனாலும் அதே இடத்தில் நிற்கும் கடல் இல்லை இது. வற்றினால் வெகு தூரம் உள்வாங்கிவிடும், மணல் வெளி முடிவே இல்லாமல் தெரியும். ஏறும்போது சுவர் வரை வந்து மோதும். மேடான மணலில் நின்றுகொண்டிருந்தால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முதலில் தண்ணீர் நிறைந்து, திரும்பும் வழி அடைபடலாம். கடல் ஏறும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வற்றிக்கொண்டிருக்கும்போது நடங்கள், ஏறத் தொடங்கும் முன் படியேறிவிடுங்கள். பாசி பிடித்த படிகள் வழுக்கும். வெற்றிக் களிப்பில் தண்ணீரில் குதிப்பவர்களைப் பார்த்து மகனும் ஆசைப்படுவான், விடாதீர்கள். கோடையிலேயே மூச்சை அடைக்கும் குளிர் அது. யாராவது தண்ணீரில் சிக்கினால் 999-ஐ அழைத்துக் கடலோர மீட்புப் படையான கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும், நாம் இறங்கக் கூடாது. காற்றும் அப்படித்தான், லண்டன் ஜாக்கெட் போதாது. உள்ளே ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகப் போட்டுவிடுங்கள், காதை மூடும் குல்லாயும் வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் மெதுவாகக் கடற்கரைக்கு நடங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை நடக்கும் ஆட்டமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இருட்டியதும் கடற்கரைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு வண்ண விளக்குகள் எரியும். 1879-ல் எட்டே எட்டு விளக்குகளோடு தொடங்கிய வழக்கம் அது. அந்த வாரங்களில் அறை வாடகை ஏறும், சீக்கிரம் பதிவு செய்யுங்கள். ஓரியண்ட் தோற்றிருந்தால் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவான், ஒன்றும் பேசாதீர்கள். விளக்குகளின் கீழே டிராமில் ஒரு சுற்று கூட்டிப் போங்கள்.

ஞாயிறு காலை, 1894-ல் திறந்த அந்தக் கோபுரத்தில் ஏறுங்கள். உயரம் 158 மீட்டர். காற்று பலமாக இருந்தால் உச்சியை மூடிவிடுவார்கள். அதனால் ஏறிப் பார்க்கும் நம்பிக்கையை மகனுக்கு முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். வெயில் மாதங்களில் மணலில் கழுதைச் சவாரியும் உண்டு. அந்தக் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை என்று நகராட்சியே விதி போட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் ஏற மாட்டான்தான், ஆனாலும் காட்டுங்கள்.

ரயில் ஏறும் முன் ஒரு கடையில் ராக் மிட்டாய் வாங்குங்கள். விரல் பருமனில் ரோஸ் நிறக் கம்பு. நுனியில் பார்த்தால் ஊரின் பெயர் சின்ன எழுத்துகளில் வட்டமாக இருக்கும், எங்கே உடைத்தாலும் உள்ளே அதே பெயர். சனிக்கிழமை முழுக்க வேலையில் நின்ற உங்கள் கணவருக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.