கிராப்பிக்கு எந்த ராட்? கையில் பிடிக்காத கம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது

பல வருடங்களாக அமெரிக்காவின் வட மிசிசிப்பியில் உள்ள கிரெனடா, சார்டிஸ், எனிட் ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடித்து வருகிறேன். படகின் முன்பக்கம் நீளமான ராட்களை (தூண்டில் கம்புகளை) விசிறி போல விரித்து வைத்து, டிரோலிங் மோட்டார் என்ற சிறு மின் மோட்டாரில் ஊர்ந்தபடியே பிடிப்பதுதான் ஸ்பைடர் ரிக்கிங். பார்ப்பதற்குச் சிலந்தி கால்களை நீட்டிக்கொண்டு நீரில் போவது போல இருக்கும். இதற்கான ராட் வாங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளோடு சேர்த்தே பதில் தருகிறேன்.

மெம்ஃபிஸிலிருந்து: அண்ணா, பாஸ் மீனுக்கு வாங்கிய 7 அடி ராட் மூன்று இருக்கிறது. அதையே வைத்துச் சமாளிக்க முடியாதா?

மீன் கிடைக்கும், ஆனால் பாதியை இழப்பீர்கள். கிராப்பியின் வாய் ஓரம் காகிதம் மாதிரி மெல்லியது. இங்கே அதற்குக் 'காகித வாய்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. பாஸ் ராட்டின் விறைப்புக்குத் தூண்டில் முள் அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம், வசந்த காலத்தில் இந்த மீன் நாலைந்து அடி ஆழத்தில்தான் நிற்கும். 7 அடி கம்பு என்றால் இரை கிட்டத்தட்ட படகின் நிழலிலேயே தொங்கும், மீன் விலகிப் போய்விடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பாஸ் ராட் கையில் பிடிப்பது. ஸ்பைடர் ரிக்கிங் ராட் படகில் பொருத்திய ஹோல்டரில் (தாங்கியில்) கிடப்பது, அதை நாம் கண்ணால்தான் பார்க்கிறோம். கடையில் கையில் எடுத்து 'ஆஹா, என்ன லேசு' என்று மயங்கி வாங்குபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து: 10, 12, 14, 16 அடி என்று கிடக்கிறது. எதை வாங்குவது?

முதல் செட் என்றால் 12 அடி. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். நீளம் கூடக்கூட இரை படகை விட்டுத் தள்ளிப் போகும், அது லாபம். ஆனால் அலையில் படகு ஒரு அங்குலம் ஆடினால் 16 அடி கம்பின் நுனி அதைவிடப் பல மடங்கு ஆடும். இரை நீருக்குள் குதித்துக்கொண்டே இருக்கும், மீன் தொட்டதா அலை தொட்டதா என்று தெரியாது. காற்றும் நீளக் கம்பைப் போட்டு அலைக்கழிக்கும். நீர் தெளிவாக, ஆழம் குறைவாக, காற்று அடங்கியிருக்கும் நாளில் 14 அல்லது 16 அடிக்கு ஈடு இல்லை. கிரெனடா போலக் கலங்கிய ஏரியில் மீன் அவ்வளவு மிரளாது, 12 அடி தாராளம். கோடையில் 15 அடிக்குக் கீழே மீன் இறங்கிவிட்டால் 10 அடி கம்பே போதும்.

மீனை ஏற்றும்போது ஒரு கணக்கு உண்டு. வெளியே விட்ட தங்கூசி (தூண்டில் நூல்) கம்பின் நீளத்துக்குள் இருந்தால், கம்பைத் தூக்கினாலே மீன் கைக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் ரீலைச் சுற்றித்தான் ஆக வேண்டும். எப்படி இருந்தாலும் நீளப் பிடி வைத்த வலை ஒன்றைப் படகில் போட்டு வையுங்கள்.

நாஷ்வில்லிலிருந்து: நுனி மென்மையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு மென்மையாக? கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பொடிமீன் கோர்த்து ஓட்டும்போது பலரும் கட்டுவது டென்னசியின் ரானி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் ஜோடி பிரபலப்படுத்திய அமைப்பு. நடுவில் ஈயக்குண்டு, அதற்கு மேலே ஒரு முள், கீழே ஒரு முள். குண்டு பெரும்பாலும் அரை அவுன்ஸ், காற்று நாளில் முக்கால் அல்லது ஒரு அவுன்ஸ். தங்கூசி நேராகக் கீழே நிற்பதற்காக இந்தக் கனம். இப்போது கம்புக்கு இரண்டு வேலை. நடுப்பகுதி இந்தக் கனத்தைச் சளைக்காமல் தாங்க வேண்டும். நுனி ஒரு அடி, ஒன்றரை அடி மட்டும் லேசாகத் தலை குனிந்து நிற்க வேண்டும். அப்படிக் குனிந்து நிற்கும் நுனிதான் மேலேயும் போகும், கீழேயும் போகும்.

மேலே போவது ஏன் முக்கியம்? கிராப்பி பெரும்பாலும் கீழிருந்து மேலே வந்து இரையைக் கவ்வும். கவ்வியபடி எழும்பினால் குண்டின் கனத்தைக் கொஞ்சம் அதுவே தூக்கிவிடும். குனிந்திருந்த நுனி சத்தமில்லாமல் நிமிரும், தங்கூசி தொய்யும். நுனி விறைப்பாக இருந்தால் முதலிலேயே நேராகத்தான் இருக்கும், நிமிர்வதற்கு அதில் என்ன இருக்கிறது? முதல் இரண்டு வருடம் நுனி கீழே இழுபடுவதை மட்டுமே பார்த்துக்கொண்டு, நிமிர்ந்த நுனிகளை எல்லாம் விட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு அரை அவுன்ஸ் குண்டும் கொஞ்சம் தங்கூசியும் கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நுனியில் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பைப் படுக்கை வசமாகப் பிடித்துப் பாருங்கள். பாதிக் கம்பு வில்லாக வளைந்தால் வேண்டாம். நுனி அசையவே இல்லை என்றாலும் வேண்டாம்.

அட்லாண்டாவிலிருந்து: கிராஃபைட்டா, ஃபைபர்கிளாஸா சார்?

ஸ்பைடர் ரிக்கிங்குக்கு கிராஃபைட், அல்லது இரண்டும் கலந்தது. 12 அடிக்கு மேல் முழு ஃபைபர்கிளாஸ் என்றால் கனம் கூடி, கம்பு தன் பாரத்திலேயே தொங்கும். கிராங்க்பெய்ட் (இழுக்கும்போது நீந்துவது போல ஆடும் செயற்கை இரை) இழுப்பதற்கு மட்டும் ஃபைபர்கிளாஸ் கலந்ததே நல்லது. அங்கே மணிக்கு ஒன்றரை மைலுக்கு மேல் ஓடுகிறோம், மீன் திடீரென்று மோதும், அந்த அதிர்ச்சியைக் கம்பு வாங்கிக்கொண்டால்தான் வாய் கிழியாது.

கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். படகு இறக்கும் இடத்தில் மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் 14 அடி கம்பை நிமிர்த்தாதீர்கள். தூரத்தில் இடி கேட்டாலே கம்புகளைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

ஜாக்சனிலிருந்து: ஒவ்வொன்றும் ஒரு பிராண்டாக, தள்ளுபடியில் கிடைத்ததை வாங்கிச் சேர்த்தால் தப்பா?

முன்பக்கத்துக்குத் தப்புதான். எல்லாம் ஒரே மாடல், ஒரே நீளம், ஒரே குண்டு என்று இருந்தால் எல்லா நுனியும் ஒரே மாதிரி குனிந்து நிற்கும். அதில் ஒன்று மட்டும் மாறினால் கண் தானாக அங்கே போகும். கலந்து வைத்தால் ஒவ்வொரு நுனியின் குணத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். விலை உயர்ந்த இரண்டை விட நடுத்தர விலையில் ஒரே மாதிரி நான்கு மேல். இங்கே பலரும் தொடங்குவது நம் மாநிலத்து வெஸ்ட் பாயின்ட் ஊர்க் கம்பெனியான பி-அண்ட்-எம்மில்தான், நானும் அப்படித்தான்.

படகின் பின்னால் இழுப்பதானால் கதை தலைகீழ். அங்கே 16, 14, 12, 10, 8 என்று இறங்கு வரிசையில் வேண்டும். நீளமானது பக்கவாட்டில் நேராக, குட்டையானது பின்னோக்கி. அப்போதுதான் தங்கூசிகள் தள்ளித் தள்ளி ஓடும், ஒன்றோடு ஒன்று சிக்காது.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து: ஒரு ஆள் எத்தனை கம்பு வைக்கலாம்?

மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஏரிக்கு ஏரி மாறும். மிசிசிப்பியின் பெரிய ஏரிகளிலேயே தனிக் கட்டுப்பாடு உண்டு. வாங்குவதற்கு முன்னால் அந்தந்த மாநிலத்தின் இந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

டாலஸிலிருந்து: எங்களிடம் இருப்பது எஸ்யூவி. 16 அடி எப்படிக் கொண்டு போவது?

இரண்டு துண்டு 16 அடி என்றால் ஒவ்வொன்றும் 8 அடி, உள்ளே நிற்காது. இரண்டு துண்டு 12 அடி, 6 அடியாக மடங்கி இருக்கைகளுக்கு நடுவே போய்விடும். 12 அடி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இணைப்பு இடத்தைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அது தளர்ந்திருக்கும்போது தூக்கினால் அங்கேதான் உடையும்.

மெம்ஃபிஸ் நண்பரே மறுபடியும்: இவ்வளவு மெல்லிய நுனி, பெரிய மீன் வந்தால் தாங்குமா அண்ணா?

தாங்கும். வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனை 1957-இல் எனிட் ஏரியில் கிடைத்தது, 5 பவுண்டு 3 அவுன்ஸ். உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் ஒரு பவுண்டு, கிரெனடாவில் நல்ல நாளாக இருந்தால் இரண்டு, இரண்டரை. கம்பு உடைவது மீனால் இல்லை, காரின் கதவாலும் அவசரமாகச் சுண்டுவதாலும்தான். நுனி அசைந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஹோல்டரிலிருந்து கம்பை நிதானமாக மேலே எடுங்கள், அந்த எடுப்பிலேயே முள் பதிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் வலையை நீருக்குள் இறக்கித் தயாராக வைத்திருக்கட்டும்.